வள்ளியம்மாள் பேருக்குப் பால்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் வேணுவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருக்கும். போர் மோட்டார் எரிந்துபோய் ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் அவனுக்கு அர்ச்சனை நடக்கும், அப்புறம்தான் மோட்டாருக்கு வைத்தியம். வாய்தான் அப்படி, வேலை சுத்தம். அதனால் திட்டு வாங்கியவனே மறுபடியும் அவனைத் தேடி வருவான்.

அப்பேர்ப்பட்ட வேணு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊர் நடுவே வாயடைத்து நின்றான். நின்ற இடம், ஊர்க்காரர்கள் டெய்ரிக்குப் பால் ஊற்றுகிற பால் சென்டர். ஆடு மாடு எதுவும் இல்லாத தன் அம்மா பேருக்கு அங்கே பால் விழுந்துகொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுடைய அம்மா வள்ளியம்மாள் இருப்பது கங்காதர நெல்லூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். போன ஆவணியில் குழாயடியில் விழுந்தவள், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கக் கார்டு பார்த்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கார்டு இல்லாவிட்டால் குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் கார்டு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு புரட்டிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், கஞ்சி ஊட்டவும் ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு எந்தக் கார்டும் கிடையாது.

வேணுவின் வீடு மூன்றாவது மாடியில், தீப்பெட்டி மாதிரி. அவன் மனைவி சுஷ்மிதா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் எழிலரசன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், தடாவில் வாடகை வீடு. அதனால் அம்மாவை ஊரிலேயே வைத்து, வடமாலபேட்டையிலிருந்து ஹரிதா என்ற பெண்ணை வீட்டோடு வேலைக்கு அமர்த்தினார்கள். நர்சிங் வேலைக்குப் படித்தவள், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். ஹரிதாவின் சம்பளம் அண்ணன் பொறுப்பு, மருந்து மாத்திரையும் மளிகையும் தம்பி பொறுப்பு என்று பேச்சு.

பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆகும் செலவு இருக்கிறதே, அது குழாயில் ஒழுகுகிற தண்ணீர் போல, நிற்கவே நிற்காது. அண்ணனும் தம்பியும் போனில் மணிக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். முதியோர் பென்ஷன் துணி சோப்புக்கே சரியாய்ப் போகிறது. இருந்த நகை ஏற்கெனவே அடகுக் கடையில் தூங்குகிறது. மாந்தோப்பைக் குத்தகைக்கு விடலாம் என்றால், தோப்பு என்று சொல்கிற அளவுக்கு அங்கே மரம் இல்லை. வீட்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் தரும் திட்டம் பேங்கில் இருக்கிறதாமே என்று சுஷ்மிதா விசாரித்துவிட்டு வந்தாள். கிராமத்து ஓட்டு வீட்டுக்கெல்லாம் அது வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கடைசியில் எழிலரசன்தான் முடிவு சொன்னான். வீட்டை விற்றுவிடலாம், அந்தப் பணத்தைத் திருப்பதியில் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிவிடலாம். அட்வான்ஸும் ஒரு வருஷத்துச் செலவும் அதில் அடங்கும். ஒரு வருஷம் போதுமா என்று வேணு கேட்டான். அண்ணன் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினான். விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்தைத் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் இரண்டு பேரையும் வெளியே அழைத்துச் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் வருகிற ஆவணி வரைதான்.

வீடு வாங்குகிறவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஹரிதாவுக்குக் கணக்கு முடித்து அனுப்ப வேண்டும் என்று வேணு ஞாயிற்றுக்கிழமை மதியமே பைக்கில் ஊருக்குக் கிளம்பினான். வழியெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக்கொண்டே வண்டியை ஓட்டினான். அவளால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது என்பதுதான் இன்னும் கொடுமை.

போய்ப் பார்த்தால் அம்மா சுத்தமாக இருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது, விரிப்பு வெள்ளையாக இருந்தது, இத்தனை மாதம் படுத்திருந்தும் முதுகில் ஒரு புண் இல்லை. மகனைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தி, சாப்பிட்டாயா என்று வாயில் வைத்துக் காட்டினாள். வேணு தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டான். ஹரிதாவைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அண்ணன் எதுவரை சம்பளம் அனுப்பியிருக்கிறார், பாக்கி எவ்வளவு என்று கேட்டான்.

ஹரிதா தரையைப் பார்த்துக்கொண்டு, பாக்கி ஒன்றும் இல்லை என்றாள். அண்ணன் ஒழுங்காக அனுப்புகிறாரா என்று கேட்டதற்கு, தீபாவளிக்கு அப்புறம் அவர் அனுப்பவே இல்லை என்றாள்.

அண்ணன் அனுப்புகிறான் என்று வேணு நிம்மதியாக இருந்திருக்கிறான். தம்பி எப்படியாவது கொடுத்துக்கொள்வான் என்று அவன் இருந்திருக்கிறான். நடுவில் ஒருத்தி வாயைத் திறக்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போ சம்பளம் யார் கொடுத்தது என்று அதட்டிக் கேட்டான்.

“பால் பில்லுலருந்து எடுத்துக்கறேன்ணா. அம்மா பேருக்கு வர்ற பில்லு.”

பால் பில் என்றால் பால் ஊற்றுகிறவர்களுக்கு டெய்ரி கொடுக்கிற பணம். வேணு திரும்பி மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான். அம்மாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து அது காலி. உள்ளே பழைய சைக்கிளும் விறகும்தான் கிடந்தன. கட்டுத்தறியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. மாடே இல்லாத வீட்டுக்குப் பால் பில் வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? மோட்டார் கடைக்காரனுக்குத் தெரியாத தில்லுமுல்லா? பால் சென்டரை நடத்துகிற நாகபூஷணம் தண்ணீர் கலந்த பாலைத் தன் பேரில் ஏற்றப் பயந்துகொண்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற கிழவி பேரில் ஏற்றுகிறான்! நாளைக்கு டெய்ரிக்காரன் பிடித்தால் மாட்டுவது யார்? வள்ளியம்மாள். வாயை அடைக்க ஹரிதாவுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகிறான். வேணு மனசுக்குள் கேஸ் எழுதித் தீர்ப்பும் சொல்லிவிட்டான். ஹரிதா ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் வண்டியை உதைத்தான்.

சாயங்காலப் பால் நேரம். சென்டர் வாசலில் பெண்கள் பால் தூக்கும் கையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாகபூஷணம் உள்ளே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கொழுப்பு பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது வயது மனுஷன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான், யார் என்ன சொன்னாலும் குரல் உயராது. வேணு வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். போன வேகத்தில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் அம்மா பேரில் எத்தனை நாளாகத் தண்ணீரை விற்கிறாய் என்பதுதான் சாரம்.

நாகபூஷணம் கோபித்துக்கொள்ளவில்லை. “நீக்கு தெலீதா வேணு?” என்று மட்டும் கேட்டான். உனக்குத் தெரியாதா என்று அவன் கேட்ட விதத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பிறகு வரிசையில் முதலில் நின்ற ரெட்டெம்மாவைப் பார்த்துக் கையசைத்தான்.

ரெட்டெம்மாவை வேணுவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராமல் போக, ஒண்டியாக இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அவள் கையில் இரண்டு தூக்கு இருந்தது. பெரிய தூக்குப் பாலை ஊற்றித் தன் பேரைச் சொன்னாள். நாகபூஷணம் மெஷினைப் பார்த்து எண்ணைச் சொன்னான். சின்னத் தூக்கைத் தனியாக ஊற்றி, “வள்ளியம்மா பேரு” என்றாள்.

வேணுவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெஷினையே காட்டினான் நாகபூஷணம். சின்னத் தூக்குப் பாலின் கொழுப்பு, பெரிய தூக்கை விட எங்கேயோ மேலே இருந்தது. இரண்டும் ஒரே மாட்டுப் பால்தான், இப்போதுதான் கறந்தது. வேணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டார் பாஷை தெரிந்தவனுக்கு மாட்டு பாஷை தெரியுமா?

கறக்கும்போது முதலில் வருகிற பால் நீர்த்திருக்கும், காம்பு வற்றும்போது கடைசியாக வருகிற பால்தான் கெட்டியாக, கொழுப்பாக இருக்கும் என்று நாகபூஷணம் விளக்கினான். விலை கொழுப்புக்குத்தானே. அந்தக் கடைசிப் பாலை இந்தப் பெண்கள் தங்கள் பேரில் ஊற்றுவதில்லை, உன் அம்மாவுக்கென்று தனித் தூக்கில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றான். இந்த சென்டரிலேயே நல்ல பால் யார் பேரில் விழுகிறது என்று டெய்ரி ஆபீசில் போய்க் கேட்டாலும் வள்ளியம்மாள் பேரைத்தான் சொல்வார்களாம்.

வேணு அப்போதுதான் வரிசையைச் சரியாகப் பார்த்தான். அடேயப்பா! முக்கால்வாசிப் பேர் கையில் இரண்டாவது தூக்கு இருந்தது. சின்னதும் பெரிசுமாக, மூடி போட்டும் வாழை இலை போட்டும், ஒவ்வொருத்தியும் அவன் அம்மாவுக்கென்று கெட்டிப் பாலை ஏந்திக்கொண்டு நின்றாள். யார் முகத்திலும் பெருமையும் இல்லை, பரிதாபமும் இல்லை. கரண்ட் பில் கட்ட வந்தவர்கள் மாதிரி சாதாரணமாக நின்றார்கள்.

எதற்கு என்று அவன் கேட்டான்.

ரெட்டெம்மா தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் கன்றுக்குட்டியை வாரத்துக்கு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. மாடு வாங்க வக்கில்லாத வீட்டுக்குக் கன்றைக் கொடுப்பார்கள். அவர்கள் புல் போட்டு வளர்த்துப் பால் கறந்துகொள்ளலாம். அது போடுகிற கன்றில் கொடுத்தவர்களுக்குப் பாதிப் பங்கு. இதற்குப் பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. வள்ளியம்மாள் வீட்டுச் செவலைப் பசு போட்ட பெண் கன்று ஒவ்வொன்றும் இப்படித்தான் ஒவ்வொரு வீட்டுக்குப் போயிற்று. முதல் கன்று ரெட்டெம்மாவுக்கு. அடுத்தது அதோ நிற்கிறாளே அவள் மாமியாருக்கு. அதற்கு அடுத்தது குடிகாரனைக் கட்டிக்கொண்டு அவதிப்பட்டவளுக்கு. இன்றைக்கு அந்த ஊரில் கத்துகிற மாட்டில் பாதி அந்தச் செவலையின் பேத்தியும் கொள்ளுப்பேத்தியும்தான்.

வேணுவுக்கு இது பாதி தெரியும். எல்லாவற்றையும் வாரத்துக்கு விட்டு என்னத்தைக் கண்டாய் என்று அம்மாவோடு சண்டை கூடப் போட்டிருக்கிறான். பங்கையெல்லாம் வாங்கிச் செலவழித்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

“ஒருத்தர்கிட்ட ஒரு பங்கு வாங்கல உங்கம்மா” என்றாள் ரெட்டெம்மா. “கன்னைப் புட்ச்சிக்கினு போயி வாசல்ல நிப்போம். ஒங்க வூட்லயே இருக்கட்டும், எனக்கு வேணுன்றப்ப நானே கேக்கறேன்னு திருப்பி அனுப்பிடும். எல்லாருக்கும் இதே பதிலு.” அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப வேணுன்ற நேரம் வந்திச்சி. கேக்கறதுக்கு அதுக்கு வாயி இல்ல சாமி. அதான் கேக்காமயே எடுத்தாந்தோம்.”

வேணு சுவரில் சாய்ந்துகொண்டான். ஒரு துண்டுக் காகிதம் இல்லை, கேட்பார் இல்லை. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் போனில் யார் பொறுப்பு என்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் தினம் இரண்டு வேளை வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவனுக்கு வெட்கத்தை விட, இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்கிற பிரமிப்புதான் பெரிதாக இருந்தது.

கார்த்திகை மாதம் சம்பளம் வராமல் ஹரிதா பெட்டி கட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஏற்பாடாம். பிள்ளைகளுக்குச் சொல்லாதே, சங்கடப்படுவார்கள் என்று ஹரிதாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்களாம். இனிமேல் சம்பளத்தை நான் தருகிறேன், நீங்கள் ஊற்ற வேண்டாம் என்று வேணு எப்படியோ சொல்லி முடித்தான்.

“நீ குடு. அது ஒன் பங்கு” என்றாள் ரெட்டெம்மா. “இது எங்க பங்கு. சம்பளம் மட்டுமா செலவு, அதுக்கு நெய்யி, முட்டை, பழம் வாணாவா? நாங்கோ கன்னு வாங்கனவங்களே இத்த செய்யறோம். நீ அது மடியில பால் குட்ச்சவன். அப்பால ஒன் இஷ்டம்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், குத்தல் இல்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்குகிற வேணு, சின்னப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அதோடு விட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பான். மாடு என்றால் பால் வற்றுமே, வற்றினால் என்ன செய்வீர்கள் என்று ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டு வைத்தான். நாகபூஷணம் அதற்குச் சிரித்தான். அதெல்லாம் இவர்கள் எப்போதோ பேசி வைத்துவிட்டார்கள் என்றான். எல்லா மாடும் ஒரே நேரத்தில் வற்றக் கூடாது என்று, யார் வீட்டு மாட்டுக்கு எப்போது சினை ஊசி போடுவது என்று முறை வைத்திருக்கிறார்களாம். கால்நடை டாக்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்கிறார்களாம். ஒன்று வற்றும்போது இன்னொன்று கன்று போட்டிருக்கும், வள்ளியம்மாள் பேருக்குப் பால் நிற்காது.

ரெட்டெம்மாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவளிடம் இருந்த, இன்னும் ஈனாத கிடேரிக்கு மார்கழிக் கடைசியில் ஊசி போட்டிருந்தது. போன வாரம் டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினை பிடித்துவிட்டது என்று சொன்னாராம். புரட்டாசிக்குக் கன்று போடும். ஐப்பசியிலிருந்து அந்தக் கிடேரியின் முறை என்று, வீட்டுக்குப் போனதும் உங்கம்மாவிடம் சொல்லிவிடு, கேட்டால் சந்தோஷப்படும் என்றாள்.

ஐப்பசி என்ற சொல் வேணுவை உலுக்கிவிட்டது. ஆவணி வரைக்கும்தான் என்று டாக்டர் சொன்னார். அண்ணனும் தம்பியும் ஆவணி வரைக்கும்தான் பணம் பார்த்தார்கள். அதற்கு மேல் அம்மாவுக்கு ஒரு வாய்க் கஞ்சி வேண்டியிருக்கும் என்று கூட அவர்கள் நினைக்கவில்லை. இவர்களோ ஐப்பசிக்குப் பால் வேண்டுமே என்று மார்கழியிலேயே மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். இன்னும் பிறக்காத ஒரு கன்று அவன் அம்மா பேரைச் சொல்லிக்கொண்டு வயிற்றில் வளர்கிறது. ரெட்டெம்மா முன்னால் நிற்க முடியாமல் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பைக்கைப் பிடித்துக்கொண்டு வேணு அழுதான்.

வீட்டுக்குப் போய் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, ரெட்டெம்மா சொன்னதைச் சொன்னான். எதிலும் ஒளிவு மறைவு வைக்கவில்லை, வீட்டை விற்க இருந்ததையும் சொல்லிவிட்டான். வீட்டைப் பற்றிச் சொன்னபோது வள்ளியம்மாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடேரி சினையாக இருக்கிறது என்றதும் சட்டென்று முகம் திரும்பிற்று. இடது கையை அவசரமாக ஆட்டி, விரலைக் குவித்து, வேண்டாம் வேண்டாம் என்று என்னவோ ஜாடை காட்டினாள். வேணுவுக்குப் புரியவில்லை. ஹரிதா குனிந்து பார்த்துவிட்டு, முதல் ஈத்துக் கிடேரியாம், கன்றுக்கு வயிறு நிறைய விட்டுவிட்டு மிச்சத்தைக் கறக்கச் சொல்கிறார் அம்மா என்றாள். வள்ளியம்மாள் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். சொல்லிவிடுகிறேன் என்று வேணு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

எழிலரசனின் போன் அப்போதுதான் வந்தது. வீடு வாங்குகிறவர் காலை பத்து மணிக்கு வருகிறார், ஹரிதாவுக்குக் கணக்கு முடித்தாயிற்றா என்று கேட்டான். வேணு வழக்கம் போலக் கத்துவான் என்று எதிர்பார்த்தோ என்னவோ, அவன் குரல் முன்கூட்டியே பம்மியிருந்தது. சம்பளம் ஏன் அனுப்பவில்லை என்று வேணு கேட்பதற்குள், தீபாவளியோடு கம்பெனியில் வேலை போய்விட்டது என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டதாக அவனே ஒப்புக்கொண்டான். வேணு கத்தவில்லை. அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு, வீடு விற்பதற்கு இல்லை என்றான்.

அப்புறம் யார் செலவு பார்ப்பது, எத்தனை நாளைக்கு என்று எழிலரசன் கேட்டான்.

“ரெட்டெம்மாக்கா கிடேரி கன்னு போட்டு, அது பால் கறக்கற வரிக்கும் அம்மா இருக்கணும்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்கண்ணா” என்றான் வேணு. “நாம ரெண்டு பேரும்தான் ஆவணியோட நிறுத்திட்டோம்.”

பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னான். கடைசிப் பாலைச் சொன்னான், வரிசையில் நின்ற இரண்டாவது தூக்குகளைச் சொன்னான், ஊசி போடும் முறையைச் சொன்னான். அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“எந்த மாசம்னு சொன்ன?” என்று எழிலரசன் கேட்டான்.

“கன்னு பொரட்டாசில. பாலு ஐப்பசிலருந்து.”

“சரி. நான் காலைல மொத பஸ்ஸுக்கு வரேன். வேலையும் இல்ல, அம்மாகிட்ட நானே இருக்கறேன்” என்றான் எழிலரசன்.